அரிசி பருப்பில் மிச்சம் பிடித்தது போதும், மற்றக் காசு எங்கே போகிறது?

கடலோரத்தான்:
கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை ஃபிளட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் எட்டாம் தரம், சின்னவன் ஐந்தாம் தரம், அம்மாவும் எங்களோடுதான். மாதம் இருபதாம் திகதி தாண்டினால் கையைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டில் மனைவி ஏற்கெனவே இறுக்கிப் பிடிக்கிறார். பால்மா குறைந்துவிட்டது, மீன் கிழமையில் இரண்டு தரம், தேங்காய் விற்ற விலையில் சம்பலே விசேஷ நாள் சாப்பாடு ஆகிவிட்டது. இதற்கு மேல் அங்கே கை வைத்தால் பிள்ளைகளின் வயிற்றில்தான் அடிக்க வேண்டும். மாதம் ஒரு தரம் புறக்கோட்டைக்குப் போய் மொத்தமாக வாங்கிவருவோம் என்கிறேன் நான். போக வர ஓட்டோவுக்கும் மூட்டை சுமக்கிறவருக்கும் கொடுத்த பிறகு மிச்சம் எங்கே என்கிறார் அவர். யார் சொல்வது சரி? அதோடு கரண்ட் பில், வான் காசு, ரியூசன், இதிலெல்லாம் யாராவது உண்மையாகவே குறைத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். வெளியில் கோப்பி குடிப்பதை நிறுத்துங்கள் மாதிரியான புத்திமதி வேண்டாம், நாங்கள் குடிப்பதே பிளேன்ரீ.

நாலாம் குறுக்கு:
புறக்கோட்டையில் மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவன் சொல்கிறேன், உங்கள் மனைவி பாதி சரி. எதை வாங்கப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரிசிக்காக வராதீர்கள். 2024 டிசம்பர் வர்த்தமானியில் நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 என்று உச்ச சில்லறை விலை போட்டார்கள். மேலே கூரை போட்ட சாமானில் உங்கள் தெருமுனைக் கடைக்கும் புறக்கோட்டைப் பழைய சோனகத் தெருவுக்கும் பெரிய இடைவெளி இராது, அதற்காக 25 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது வீண் வேலை. உண்மையான மிச்சம் சரக்குச் சாமானில். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, உள்ளி, அப்புறம் மைசூர் பருப்பு, கடலை, உழுந்து. இதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் 100 கிராம், 250 கிராம் பைக்கற்றில் நிற்கிறதே, அந்தப் பைக்கற்றைக் கிலோவுக்கு மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். மிளகாய்த்தூளும் அப்படித்தான். முழு மிளகாயை வாங்கிக் காம்பு கிள்ளிக் காயவைத்து மில்லில் கொடுத்துத் திரித்தால் விலையும் குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியும்.

பெரிய வெங்காயத்தை மூட்டையாக வாங்கவே வேண்டாம். ஈரத்தோடு வந்த சரக்கென்றால் ஃபிளட்டுக்குள் இரண்டு கிழமையில் பாதி அழுகிவிடும். உருளைக்கிழங்கும் அப்படியே.

கொட்டாஞ்சேனைக்காரி:
தம்பி கடைக்காரர் பக்கம் நின்று சொல்கிறார், நான் சமையற்கட்டுப் பக்கம் நின்று சொல்கிறேன். வீட்டில் ஐந்து கிலோ சீனி இருந்தால் ஐந்து கிலோவும் அதே மாதத்தில் முடியும். போத்தல் நிறைய இருக்கிறதைக் கண்டால் கை தாராளமாகத்தான் அள்ளும், விருந்தாளிக்கு இரண்டாம் தேநீர் போகும், பிள்ளை ஃப்ரூட் ஜூஸ் கேட்டால் மறுப்பில்லை. மொத்தமாக வாங்கினவர்கள் எல்லோரும் கிலோவுக்கு எவ்வளவு மிச்சம் என்றுதான் சொல்வார்கள், மாதத்துக்கு எத்தனை கிலோ போகிறது என்று சொல்லமாட்டார்கள். பருப்பு, மிளகாய், மல்லி சரி, அதை யாரும் சும்மா அள்ளித் தின்னப்போவதில்லை. சீனி, பிஸ்கட், எண்ணெய் வேண்டாம். இது என் தீர்ப்பு, கேட்டால் கேளுங்கள்.

மீனுக்கு விலை பார்த்து வாங்குகிறவர்கள் மாதத்தையும் பார்க்க வேண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பு, படகு போவது குறைவு, விலை ஏறும். அந்த நேரம் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதி, அங்கேயிருந்து லொறியில் வருகிற மீன்தான் கொஞ்சம் கைக்கு எட்டும். பாரையும் அறக்குளாவும்தான் மீன் என்ற எண்ணத்தை விட்டால் சாளை, சூடை, நெத்தலி எல்லாம் மலிவு, பிள்ளைகளுக்கும் நல்லது. ஆய்வதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இறக்குவானைப் பெடியன்:
அக்கா சூடை மீன் ஆயத் தொடங்கினால் கேஸ் மிச்சம், கரண்ட் மிச்சம், சமைத்து முடிக்கவே விடிந்துவிடும் 😄

கொட்டாஞ்சேனைக்காரி:
போர்டிங்கில் கொத்துரொட்டி வாங்கித் தின்கிற பெடியனுக்கு மீன் ஆய்வதைப் பற்றி என்ன பேச்சு.

மீட்டர்காரன்:
கரண்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் பார்க்கிறேன், பத்து ரூபாய்க்கு மரக்கறிக்காரனோடு பேரம் பேசுகிற வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

பில்லை எடுத்துத் தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள், எத்தனை நாளுக்கான பில் என்றும் போட்டிருக்கும். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக இருக்கிறது. 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 61 ஆனதும் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முதல் 60 யூனிட்டுக்கு இருந்த மலிவு விலையே கைவிட்டுப் போய், அந்த அறுபதும் வேறு விலையில் எண்ணப்படும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள், ஒவ்வொரு படியிலும் மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். அதனால்தான் 119 யூனிட் எரித்த வீட்டுக்கும் 123 எரித்த வீட்டுக்கும் பில்லில் அவ்வளவு வித்தியாசம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் விலை ஏறியது, 2025 ஜனவரியில் குறைந்தது, அதே ஆண்டு ஜூனில் திரும்ப 15 வீதம் ஏறியது. விலை இப்படி ஏறி இறங்கும், படி முறை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே உங்கள் வீடு எந்தப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கடலோரத்தான்:
இப்போதுதான் பில்லை எடுத்துப் பார்த்தேன். 134 யூனிட், 30 நாள். ஏசி கிடையாது. பிரிஜ், ரி.வி, மூன்று ஃபேன், ரைஸ் குக்கர், அயன் பொக்ஸ், குளியலறையில் ஹீட்டர். எங்கே பிடிப்பது?

மீட்டர்காரன்:
ஹீட்டரில். சுவரில் பூட்டின உடனடி ஹீட்டர் 3 கிலோவாட்டுக்குக் குறையாது. ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் அரை யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் நாளுக்கு 2 யூனிட், மாதத்துக்கு 60. உங்கள் பில்லில் ஏறக்குறைய பாதி! கொழும்பு வெக்கையில் அம்மாவைத் தவிர மற்றவர்களுக்குச் சுடுதண்ணீர் எதற்கு? அம்மாவுக்கும் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் கலந்து கொடுத்தால் போதும், ஒன்றே முக்கால் லீற்றர் தண்ணீர் கொதிக்க 0.2 யூனிட்டுக்குள்தான் போகும்.

அடுத்தது அயன். ஆயிரம் வாட் பெட்டியை ஒவ்வொரு நாள் காலையும் ஒரு சட்டைக்காகச் சூடாக்குவதுதான் நட்டம். யூனிஃபோர்ம், ஒபிஸ் உடுப்பு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் தேயுங்கள். இன்னொன்று, இரவு பத்தரைக்குப் பிறகு தேய்த்தால் மலிவு என்று ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நேரத்துக்கேற்ற கட்டணத்துக்குப் பதிந்து அதற்கான மீட்டர் போட்டவர்களுக்குத்தான் அது, சாதாரண வீட்டு மீட்டருக்கு பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், இப்போது வருகிற பிரஷ் இல்லாத மோட்டர் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஆனால் விலை கூட, வாடகை வீட்டில் போடுவதா என்பது உங்கள் விருப்பம். ஹீட்டரை நிறுத்திவிட்டு இரண்டு பில் பாருங்கள், அதற்குப் பிறகு மற்றதைப் பேசுவோம்.

அனெக்ஸ்வாசி:
மீட்டர்காரன் அண்ணா, ஒரு சந்தேகம். நாங்கள் தெஹிவளையில் அனெக்ஸில் இருக்கிறோம். மேல் வீட்டுக்காரருடையதும் எங்களுடையதும் ஒரே மீட்டர், எங்களுக்கு ஒரு துணை மீட்டர் பூட்டியிருக்கிறார்கள். நாங்கள் எரிப்பது 50 யூனிட்டுக்குள். ஆனால் வீட்டுக்காரர் மொத்தப் பில்லை யூனிட்டால் பிரித்து எங்களிடம் வாங்குகிறார். கேட்டால் கணக்குச் சரிதானே என்கிறார்.

மீட்டர்காரன்:
பிரித்தல் கணக்குச் சரி, நியாயம் சரியில்லை. அவர் வீட்டில் ஏசி ஓடினால் அது இரண்டு வீட்டையும் 180க்கு மேல் தள்ளும், அந்த விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்டுகிறீர்கள். உங்களுக்குத் தனி இணைப்பு இருந்தால் 60க்குள் நின்றுவிடுவீர்கள். தனி மீட்டருக்கு வீட்டு உரிமையாளர்தான் சம்மதிக்க வேண்டும், செலவும் உண்டு. அவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது வாடகையில் குறைத்துக் கேளுங்கள். வீடு தேடுகிறவர்கள் இதை முதலே கேட்க வேண்டும், தண்ணீருக்கும் சேர்த்து. தண்ணீர்ப் பில்லும் இதே மாதிரிப் படிக்கட்டுத்தான்.

அனெக்ஸ்வாசி:
வாடகையில் குறைக்கச் சொன்னால் வீட்டை விடச் சொல்லுவார். சரி, கேட்டுப் பார்க்கிறேன்.

இரட்டைப்பிள்ளை அம்மா:
சாப்பாட்டில் இதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன், அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஆனால் பால்மாவைக் குறைத்ததற்கு அழத் தேவையில்லை. எட்டாம் தரப் பிள்ளைக்குப் பால்மாதான் வேண்டும் என்றில்லை, அதே காசுக்கு முட்டையும் நெத்தலியும் கௌபியும் கொடுக்கலாம். தேநீருக்குத்தான் பெரியவர்கள் பால்மாவை முடிக்கிறார்கள், பெயர் மட்டும் பிள்ளைகளுக்கு.

வான் காசு பற்றி. எங்களுக்கு வான்காரர் ஓகஸ்ட், டிசம்பர் லீவு மாதத்துக்கும் முழுக் காசு கேட்கிறார். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்றால் பஸ் யோசிக்கலாமே. அரசாங்கத்தின் சிசு செரிய பஸ் உங்கள் பாடசாலைப் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள், அது மாணவர்களுக்கென்றே சலுகைக் கட்டணத்தில் ஓடுவது. சாதாரண இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்கும் மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கலாம். சின்னவன் வானிலேயே போகட்டும். அப்புறம் நீங்கள் இருவரும் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?

கடலோரத்தான்:
நான் கோட்டைக்கு. காலையில் பஸ், பிந்தினால் பிக்மீ செயலியில் வாகனம். பிந்துவது அடிக்கடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்குவானைப் பெடியன்:
அண்ணா, வெள்ளவத்தையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கோட்டைக்கு பிக்மீயா? பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு தாண்டினால் கோட்டை. மாத சீசன் எடுங்கள். காலையில் நெரிசல்தான், வாசலில் தொங்குகிறவர்களைப் பார்த்துப் பயப்படக்கூடாது. ஆனால் காலி வீதி டிராஃபிக்கில் பஸ் நிற்கிற நேரத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்துவிடும், நீங்கள் பிந்துவதற்கே காரணம் அந்த பஸ்தான்.

நாலாம் குறுக்கு:
பெடியன் முதல் தரம் உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தி:
ரியூசன் என்று எழுதிவிட்டு யாரும் தொடவில்லை. ஐந்தாம் தரப் பிள்ளைக்கு எத்தனை வகுப்பு?

கடலோரத்தான்:
புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு இடம் சேர். ஒன்று கிழமைநாள், ஒன்று சனி ஞாயிறு. மகளுக்கு கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம்.

ஓய்வுபெற்ற வாத்தி:
ஒரே பாடத்திட்டத்துக்கு இரண்டு ஆசிரியர்! முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டாவது வகுப்பு பிள்ளைக்கு அல்ல, பெற்றோரின் பயத்துக்கு. இரண்டு பேரும் ஒரே பயிற்சித் தாளைத்தான் கொடுப்பார்கள். ஒன்றை நிறுத்திவிட்டு, கடந்தகால வினாத்தாள்களை எடுத்து வீட்டில் மணிக்கூடு வைத்துச் செய்ய விடுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழியில் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, பரீட்சைத் திணைக்களத் தளத்தில் பழைய வினாத்தாள்களும் கிடைக்கும். பிழைத்த கேள்வியை யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அது அம்மாவோ அப்பாவோ அப்பம்மாவோ யாராகவும் இருக்கலாம். எட்டாம் தரத்துக்கு விஞ்ஞானம் ரியூசன் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை, பிள்ளை உண்மையிலேயே தடுமாறினால் தவிர.

கதைப் புத்தகத்துக்கும் காசு கொட்ட வேண்டாம். சங்கம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடை தூரம். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம், 1925இல் தொடங்கியது, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

இரட்டைப்பிள்ளை அம்மா:
சேர், இரண்டாவது வகுப்பை நிறுத்திவிட்டு பிள்ளை இரண்டு புள்ளியில் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டால் அந்தப் பழி யார் தலையில்? சொல்வது சுகம்.

ஓய்வுபெற்ற வாத்தி:
பழி எப்படியும் பெற்றோர் தலையில்தான் மகள், மூன்று வகுப்புக்கு அனுப்பினாலும். அந்தச் சோதனையில் சித்தியடையாத என் மாணவர்கள் இன்று டொக்டராகவும் இருக்கிறார்கள், கடை முதலாளியாகவும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஒரு தவணை மட்டும் நிறுத்திப் பார்த்து, புள்ளி இறங்கினால் திரும்பச் சேருங்கள்.

ஃபாமசித் தம்பி:
அம்மா உங்களோடு இருக்கிறார் என்றீர்கள். மாதாந்த மருந்து உண்டா? பிரஷர், சீனி மாதிரி?

கடலோரத்தான்:
இரண்டும் உண்டு. கொலஸ்ட்ரோலும்.

ஃபாமசித் தம்பி:
அப்படியென்றால் வான் காசுக்குச் சமமாக அங்கே போகிறதே, அதை எழுதவேயில்லை. மூன்று வழி இருக்கிறது. களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிந்தால் கிளினிக் கொப்பிக்கு மருந்து இலவசம். காலையிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், சில மாதம் ஒன்றிரண்டு மருந்து இருப்பில்லை என்று வெளியில் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாவது, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக்கடை. மூன்றாவது, தனியார் ஃபாமசியிலேயே பொதுப்பெயரில் கேட்பது. மெட்ஃபோர்மின், லோசார்டன், அற்றோவஸ்டற்றின் எல்லாம் பல கொம்பனிகள் செய்கிறார்கள், ஒரே அளவு மாத்திரைக்கு விலை பல மடங்கு வித்தியாசப்படும். ஆனால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள், முக்கியமாக வலிப்பு, தைரொயிட் மருந்து என்றால் நீங்களாகக் கொம்பனியை மாற்றக்கூடாது. புகழ்ந்து பேசி விற்பனைப் பிரதிநிதி தலையில் கட்டின விட்டமின் போத்தல் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள் 😄

கடலோரத்தான்:
போத்தல் இருக்கிறது. இரண்டு.

காட் ராணி:
எல்லோரும் சந்தை, புறக்கோட்டை என்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பாங்க் காட்டுக்குச் சில நாட்களில் மரக்கறி, பழம், மீனுக்கு விலைக்கழிவு போடுகிறார்களே, 20, 25 வீதம். நான் அந்த நாள் பார்த்துத்தான் போவேன். வெயிலில் அலையத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைக்காரி:
கழிவு மரக்கறிக்கு. தள்ளுவண்டிக்குள் விழுவது சொக்லட், யோகட், வாசனைச் சவர்க்காரம். பில்லின் அடியில் இன்று நீங்கள் சேமித்தது இவ்வளவு என்று அச்சடித்துக் கொடுப்பார்கள், அதைப் பார்த்து மனம் குளிர்ந்து வருவோம்.

காட் ராணி:
நான் லிஸ்ட் எழுதிக்கொண்டு போகிறவள் அக்கா, எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். மாத முடிவில் முழுக் காசையும் கட்டிவிடுவேன்.

கொட்டாஞ்சேனைக்காரி:
முழுதாகக் கட்டுகிறவருக்குச் சரி, மறுக்கவில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற வீட்டுக்கு ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி ஓடும், கத்தரிக்காயில் கிடைத்த கழிவு அதற்குக் காணுமா? காட் பாக்கி இருக்கிறவர் இந்த இழையில் மற்ற எதையும் வாசிக்காமல் முதலில் அதை முடிக்கட்டும்.

இன்னொன்று, இங்கே ஒருவரும் சொல்லத் துணியாதது. கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். வெள்ளவத்தையில் ஹோல்கள் நிறைய, ஆவணி தை மாதம் வந்தால் கிழமைக்கு ஒரு அழைப்பு. என்வலப், சாறி, அதற்கு பிளவுஸ் தைப்புக் கூலி, போக வர வாகனம். வெளிநாட்டுச் சொந்தம் வந்து செய்கிற சாமத்தியவீட்டுக்கு அவர்கள் அளவுக்கு நாங்கள் என்வலப் போட முடியாது, போடவும் தேவையில்லை. நான் நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் நல்லபடி செய்வேன், மற்றதற்கு நேரில் போய் வாழ்த்திவிட்டு ஒரு சின்னத் தொகை. முதல் வருடம் கதைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். சாறியையும் தங்கச்சியோடு மாற்றி மாற்றி உடுக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது.

இரட்டைப்பிள்ளை அம்மா:
அக்கா இதைச் சத்தமாகச் சொன்னதற்கு ஒரு கும்பிடு.

கடலோரத்தான்:
மனைவிக்கு முழு இழையையும் காட்டினேன். ஹீட்டர் சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டியாயிற்று, மகள் கோபத்தில் இருக்கிறாள். ரயில் சீசன் எடுக்கிறேன். ரியூசன் பேச்சு இன்னும் முடியவில்லை, வாத்தியார் சேர் சொன்னதில் ஒரு சொல்லையும் மனைவி நம்பவில்லை. புறக்கோட்டை விஷயத்தில் ஒரு உடன்பாடு வந்திருக்கிறது, பக்கத்து ஃபிளட் இரண்டும் சேர்ந்தால் பருப்பும் சரக்குச் சாமானும் மட்டும், சீனி கிடையாது. எந்த நாள் வருவது நல்லது, நாலாம் குறுக்கு அண்ணா? மில் அந்தப் பக்கமே இருக்கிறதா?

நாலாம் குறுக்கு:
ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்கு எங்கள் கடைகள் மூடும், அந்த நேரம் வந்து நிற்காதீர்கள். சனி காலை ஒன்பது மணிக்கு முன் வாருங்கள், அதற்குப் பிறகு லொறியும் கைவண்டியுமாய்த் தெருவில் கால் வைக்க முடியாது. வரும்போது நூறோ நூற்றியொன்றோ பஸ்ஸில் வாருங்கள், போகும்போது மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஓட்டோ. மூட்டை சுமக்கிற நாட்டாமியிடம் சாமான் ஏற்றுவதற்கு முன் கூலியைப் பேசிவிடுங்கள், ஏற்றின பிறகு பேசினால் அவர் சொல்வதுதான் விலை. முதல் கடையில் வாங்காமல் மூன்று கடையில் விலை கேளுங்கள், பருப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள், தூள் ஒட்டினால் பழைய சரக்கு.

மில்லுக்கு அன்றே போகாதீர்கள். வீட்டில் மிளகாயை இரண்டு வெயில் காயவிட்டு, மல்லியையும் சீரகத்தையும் வறுத்து ஆறவைத்து, வெள்ளவத்தையிலேயே திரித்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டுக்குமானதை ஒன்றாகக் கொண்டுபோனால் மில்காரர் முகம் சுளிக்கமாட்டார். முதலில் உங்களுக்கு முன் திரித்தவர் என்ன திரித்தார் என்று மட்டும் கேட்டுவிடுங்கள், அரிசிமாவுக்குப் பிறகு என்றால் பரவாயில்லை.

கடலோரத்தான்:
அப்படியென்றால் இந்தச் சனி. மனைவியும் வருகிறார், பேரம் பேச.

நாலாம் குறுக்கு:
அவர் வந்தால் நீங்கள் பை தூக்கினால் போதும்.